பிந்தி விழுந்த கைதட்டல்

அண்ணன் நெவில் கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு ஜோடி காலுறை.

அவனுடைய தடித்த கம்பளிக் காலுறையை நான் லண்டனுக்குப் போட்டுக்கொண்டு போய் அங்கேயே எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தேன். சமையலறையில் ஒரு காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தபடி நின்றான். துறைமுகத்துக்குப் போக வேண்டிய டாக்சி வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

"உன்னோடதக் கழட்டிக் குடுடா, மால்."

"பெருவிரல்ல ஓட்டை இருக்கு."

"மீனு அதெல்லாம் பாக்காது."

கழற்றிக் கொடுத்தேன். என் மேடைச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. மார்பில் முட்டைக் கறை. நெவில் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"நாளைக்கு இதோடவா டிவில நிக்கப் போற? நாடே உன் முட்டையப் பாக்கும்."

"இன்னைக்குத் துணி துவைக்கற நாள் இல்ல," என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

ஹல் நகரத்தில், ஹெஸில் ரோட்டில், அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. கப்பல் புறப்படும் நாளில் வீட்டில் துணி நனைத்தால் கப்பலில் இருப்பவனைக் கடல் அலசிக்கொண்டு போய்விடும். வாசலில் நின்று கையசைக்கவும் கூடாது. எங்கள் பேச்சில் கையசைப்புக்கும் கடலலைக்கும் ஒரே சொல்தான். கையை அசைத்தால் அலையைக் கூப்பிட்டதாகிவிடும். அப்பா கரையில், கட்டிலில், சளி முற்றி இறந்தவர். அம்மா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நெவில் பையைத் தோளில் மாட்டினான். "கெட்டில் கொதிக்குது பாரு," என்றான். கதவு சாத்திக்கொண்டது. நான் கெட்டிலை இறக்கி வைத்தேன்.

அப்போது எங்கள் பாட்டு வெளிவந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. எங்கள் குழுவின் பெயர் பில்ஜ். கப்பலின் அடித்தட்டில் தேங்கும் அழுக்குத் தண்ணீருக்கு அதுதான் பெயர். "சாக்கடைன்னே வெச்சிருக்கலாமே, எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்," என்றாள் அம்மா. நான் பாடுவேன், பாட்டும் எழுதுவேன். டிரம்ஸ் ரெக்ஸ். அவன் காலையில் மீன் துறையில் பெட்டி சுமந்துவிட்டு, மாலையில் கையில் ஐஸ் வெடிப்போடு வாசிக்க வருவான். கிட்டார்க்காரர்கள் இருவர்.

பாட்டு பக்கத்து வீட்டு வாசலில் கிடைத்தது. அந்த வீட்டுக்கு லீட்ஸிலிருந்து புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தாள். கடல் இல்லாத ஊர்க்காரி. புருஷன் டாக்சியில் ஏறியதும் கையைத் தூக்கி ஆட்டிவிட்டாள். இரண்டு பெண்கள் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்கள்.

"கைய இறக்குடி! அவனக் கொல்லப் பாக்கறியா?"

பாவம், அன்று மதியம்வரை அழுதாள். புருஷன் மூன்று வாரத்தில் மீனோடு திரும்பி வந்தான், அது வேறு. அவள் முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் 'கையசைக்காதே' எழுதினேன். 'கையசைக்காதே கண்ணே, கையைப் பைக்குள் வை' என்று பல்லவி. எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் கேட்க ஆளில்லை. மற்ற ஊர்களில் அது ரோஷக்காரன் ஒருவன் காதலியை விட்டுப் போகும் பாட்டு என்று நினைத்தார்கள்.

பதிவு லண்டனில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் நடந்தது. நெவில் கரைக்கு வந்திருந்த மூன்று நாளில் ஒரு நாளை எங்களுக்காகக் கொடுத்து வேனில் கூடவே வந்தான். எங்கள் கடலோடிகள் கரையில் இருக்கும் மூன்று நாளும் ராஜாக்கள். வானநீல சூட், பாவாடை போல விரிந்த கால்சட்டை. நிலவறையில் அவன் ஒருவன்தான் பாடகன் மாதிரி இருந்தான்.

ஒலிப்பதிவு செய்தவர் ஃபெல்டன் என்கிற மெலிந்த மனிதர். பாட்டை இரண்டு முறை கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"கைக்கு ஒரு வேலை வேணுமேப்பா. அசைக்கக் கூடாதுன்னா அது என்னதான் பண்ணும்?"

"பாக்கெட்ல இருக்கும்," என்றேன்.

"பாக்கெட் ரெக்கார்டுல கேக்காதே."

அப்படித்தான் கைதட்டல் வந்தது. நாங்கள் நால்வரும் பாட்டிலும் வாத்தியங்களிலும் மாட்டிக்கொண்டிருந்ததால் நெவிலைக் கூப்பிட்டார். வலையிழுத்துப் பலகையாகிவிட்ட கைகள். முதல் தட்டிலேயே ஒலிமானியின் முள் எகிறியது; மைக்கை இரண்டு எட்டு தள்ளி வைத்தார்கள். முதல் பல்லவி சரியாக வந்தது. இரண்டாவது பல்லவியில், மூன்றாவது வரி முடிந்ததும், தேநீர் கொண்டு வந்த பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தான். தட்டு பிந்தி விழுந்தது. அரைத் தாளம் இருக்கும்.

"இன்னொரு தடவை எடுத்துடலாம்," என்றார் ஃபெல்டன்.

"எடுக்கலாம் சார். அப்ப எங்க கேப்டனுக்குப் போன் போட்டு, கடல் தண்ணி ஏறினாலும் கப்பல எடுக்காதேன்னு நீங்களே சொல்லிடுங்க."

"ஒரே ஒரு தட்டுக்காகப் பாட்டு கெடணுமா, நெவ்?" என்றான் ரெக்ஸ்.

"எல்லாத் தெருவுலயும் ஒரு வேலிக்கட்ட சாஞ்சு நிக்கும். அத வெச்சுத்தான் குடிகாரன் வீட்டக் கண்டுபிடிக்கறான். விட்டுடு."

ஃபெல்டன் சிரித்துவிட்டார். அது அப்படியே இருந்துவிட்டது. அதன்பின் நெவில் நான்கு முறை கடலுக்குப் போய்த் திரும்பி வந்தான்.

அவன் ஐந்தாவது முறை புறப்பட்டது புதன்கிழமை. வியாழன் காலை என் சட்டை கறை நீங்கி, இஸ்திரி போட்டு, நாற்காலியில் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு ரயிலேறினேன். வேறெதுவும் யோசிக்கவில்லை.

ஒளிபரப்பு நிலையத்தில் கழுத்தில் சால்வை சுற்றிய ஒரு நிகழ்ச்சிக்காரர் இருந்தார். மேடைக்குக் கீழே இளைஞர் கூட்டம். கடைசிப் பல்லவியில் எல்லோரும் கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்ட வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"சார், பாட்டே ஆட்டாதேன்னுதானே சொல்லுது," என்றேன்.

"அதனாலதான்! நீ வேண்டாங்கற, அவங்க ஆட்டறாங்க. எவ்ளோ அழகு! நீதான் ஆரம்பிச்சு வைக்கணும். கேமரா உன் கைமேல இருக்கும்."

"என்னால முடியாது."

"ஏன், கை வலியா?"

எப்படிச் சொல்வது? அண்ணன் நேற்றுத்தான் கடலுக்குப் போயிருக்கிறான், நான் கையை ஆட்டினால் அவன் செத்துப்போவான் என்று அந்தச் சால்வைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லண்டனில், விளக்குகளுக்குக் கீழே, அது எனக்கே கிழவிப் பேச்சாகத் தோன்றியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னொரு குழு காத்திருக்கிறது என்றார்.

ரெக்ஸ் என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"மால், திங்கக்கிழமை நான் திரும்பப் பெட்டி தூக்கப் போகணுமா? ரெண்டு கைதானடா. உள்ளுக்குள்ள ஆட்டலன்னு நெனச்சுக்கோ."

ரெக்ஸும் எங்கள் தெருக்காரன்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னான்.

ஆட்டினேன். கடைசிப் பல்லவியில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி இடமும் வலமுமாக ஆட்டினேன். கூட்டமும் ஆட்டியது. மேலேயிருந்து பார்க்கக் கடல் மாதிரி இருந்ததாகப் பிறகு யாரோ பாராட்டினார்கள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன். பக்கத்து வீட்ல பதினோரு பேரு உக்காந்து பாத்தோம்." கத்தி நிற்கவில்லை. "சட்டை நல்லாத் தெரிஞ்சுது."

அடுத்த வாரம் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் நெவில் போன கப்பல், எலினோர் வைக், ஐஸ்லாந்துக்கு வடக்கே, காற்றும் உறைபனியுமாக இருந்த ஓரிடத்திலிருந்து ஒருமுறை பேசியது. பிறகு பேசவில்லை. இருபது பேர். பாதிரியார் தெருவுக்குள் வந்ததும், அவர் எந்தக் கதவைத் தட்டப்போகிறார் என்று எல்லா ஜன்னல்களும் பார்த்தன. எங்கள் வீட்டைச் சேர்த்து எட்டுக் கதவுகளைத் தட்டினார். எதிர்வீட்டு ரேடியோவில் என் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

தெருவில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லீட்ஸ் மருமகள் மட்டும் ஒருநாள் கடையில் என்னைப் பார்த்ததும் தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

பாடாமல் இருந்திருக்கலாம். ஒப்பந்தம் இருந்தது, ரெக்ஸுக்குக் குழந்தை பிறந்திருந்தது, மற்ற இருவருக்கும் வேறு தொழில் தெரியாது. ஊர் ஊராகப் பாடினேன், கைகள் இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு. அது என் பாணி என்று பத்திரிகைகள் எழுதின. எதிரே ஆயிரம் கைகள் ஆடும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். கல்யாணங்களில், கால்பந்து மைதானங்களில், கப்பலையே பார்த்திராத ஊர்களில் எல்லாம் ஆட்டினார்கள். களைப்பு என்று ஒன்று எலும்புக்குள் இறங்கியது. தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

பதினாறு வருஷம் கழித்து, அம்மாவின் கடைசி மாதத்தில் ஒரு மதியம். அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ கைய ஆட்டினத நெனச்சுத்தான இப்படிக் கிடக்கற?" என்றாள்.

நான் அடுத்த விரலைப் பிடித்தேன்.

"அது வியாழக்கிழமை. புதன்கிழமை டாக்சி முக்கு திரும்பறதுக்குள்ள நான் உன் சட்டைய ஊற வெச்சுட்டேன். எம்புள்ள அழுக்கோட நிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. தண்ணியக்கூட நாந்தான் பிடிச்சேன்."

"அதெல்லாம் சும்மாம்மா. பனி ஏறிக் கப்பல் கவுந்துச்சு. அதிகாரிங்களே எழுதிக் குடுத்தாங்க."

"தெரியும்," என்றாள். "உனக்கும்தான் தெரியும்."

மறு கையை நீட்டினாள். ஐந்து விரலையும் வெட்டி முடித்தேன்.

இப்போது அம்மா இல்லை. ரெக்ஸ் இல்லை. மீன் துறை இருந்த இடத்தில் கடைகளும் வண்டி நிறுத்துமிடமும். போன சனிக்கிழமை ரெக்ஸின் பேத்தி கல்யாணத்துக்குப் போனேன். பாட்டைப் போட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். கடைசிப் பல்லவிக்கு வெளியே போய்விடலாம் என்றிருந்தேன்.

அதற்கு முன் இரண்டாவது பல்லவி வந்தது. எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள், கிழவர்கள், குழந்தைகள், பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள்கூட. மூன்றாவது வரி முடிந்ததும் மண்டபம் முழுவதும் தட்டு அரைத் தாளம் பிந்தி விழுந்தது.