தவறியவர்களின் சுவர்

கத்தரிக்கோல் என் அண்ணன் டுவெய்னின் கையில் இருந்தது. என் மகள் ஐலி குடிலின் மரச்சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையின் பின்பக்கத்தைக் கால்சட்டைக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, நுனியில் ஒரு கை அகலத்துக்கு அவர் வெட்டினார். தடித்த கம்பளி. கத்தரி நாலைந்து முறை கடித்த பிறகே துண்டு விழுந்தது.

"அசையாத, குட்டி. தோலையும் சேத்து வெட்டிறப் போறேன்."

அடுப்புப் பக்கத்தில் காலுறைகளைக் காயவைத்துக்கொண்டிருந்த ரேமண்ட் சிரித்தார். அவர் அண்ணனின் சிநேகிதர். இருபது வருடமாக எங்கள் குடிலுக்கு வருகிறார். "என்னோடது மூணு துண்டு தொங்குது பாரு. வா, நம்ம கட்சில சேந்துக்கோ," என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது.

அண்ணன் துண்டைச் சுவரில் ஆணியடித்து, தடித்த பேனாவால் ஐலியின் பெயரையும் வருடத்தையும் எழுதினார். மானைச் சுட்டுக் குறி தவறினால் சட்டை நுனி போகும். இங்கே எல்லாக் குடிலிலும் இதுதான் வழக்கம். அந்தச் சுவரில் என் துண்டும் இருக்கிறது. நீலம், பதினான்கு வயதில் வெட்டியது. நான் தவறவிட்டேன், வெட்டினார்கள், சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது ஒருநாளும் எனக்கு வலித்ததில்லை.

ஐலி தவறவிடவில்லை.

அன்று நவம்பர் பதினைந்து. வேட்டைக்காலம் திறக்கும் நாள் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. விடிவதற்கு முன்பே நானும் அவளும் மரத்தின் மேல் கட்டிய வேட்டைப் பரணில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். ஊர்க் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. நாள் முழுக்கப் பேசாமல் இருக்கப் பழகியவள் நான். ஐலியும் அப்படித்தான். ஒன்றரை மணி நேரத்தில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மூக்கு ஒழுகுனா தொடச்சுக்கலாமா?"

ஏழு நாற்பதுக்கு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை நான் காகிதத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் என் முழங்காலைத் தொட்டாள். தேவதாரு மரங்களுக்கு நடுவே ஓர் ஆண் மான் நின்றிருந்தது. எண்பது கஜ தூரம். இடது விலா எங்கள் பக்கம். கொம்பில் எட்டு முனை எண்ணினேன், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அவள் அவசரப்படவில்லை. கோடை முழுவதும் சரளைக்கல் குழியில் காகிதத் தட்டுகளைச் சுட்டுப் பழகிய மாதிரியே செய்தாள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினாள். துப்பாக்கி வெடித்ததும் மான் பின்னங்கால்களை உதைத்து எம்பியது, முதுகை வளைத்து ஓடிப் புதருக்குள் மறைந்தது. அந்த எம்பலுக்கு ஒரே அர்த்தம்தான்: தோட்டா நெஞ்சுக்குள் பாய்ந்திருக்கிறது. இந்தக் காட்டில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும்.

"பட்டுச்சு," என்றாள் ஐலி. தோட்டாவின் காலி உறை பரணின் பலகையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "போலாம்மா."

"அரை மணி நேரம்," என்றேன்.

அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது விழுந்து கிடக்காமல் சதுப்புக்குள் மைல் கணக்கில் ஓடிவிடும். அதனால் காத்திருக்க வேண்டும். அதுதான் முறை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் கால்கள் பலகையில் தாளம் போட்டன. "செத்துப் போயிருந்தா பாவம், தனியா கெடக்கும்லமா," என்றாள். "முறைன்னா முறை," என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

இருபத்திரண்டாவது நிமிடம் வடக்கிலிருந்து ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. அண்ணனின் பரண் இருக்கும் பக்கம். "மாமாவுக்கும் கெடச்சிருச்சு போல," என்றாள் ஐலி. அவளுக்குச் சந்தோஷம்.

மான் நின்ற இடத்தில் பனிமேல் ரத்தம் இருந்தது. இளஞ்சிவப்பு, நுரை, நுரைக்குள் சின்னச் சின்னக் குமிழிகள். நுரையீரலில் பட்டால்தான் ரத்தம் அப்படி வரும். ஐலி ஒவ்வொரு துளியின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டுக்கொண்டே போனாள். நூற்றுப்பத்துக் காலடி வரை எண்ணினேன். ரத்தத் தடம் ஒரு இடத்திலும் விட்டுப்போகவில்லை. அது என் அண்ணனின் முதுகில் போய் முடிந்தது.

அவர் மண்டியிட்டுக் குடலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மான் யாருடையது என்று காட்டும் அவருடைய வேட்டை அனுமதிச் சீட்டு கொம்பில் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மானின் கழுத்தில் பெரிய ஓட்டை. இடது விலாவில், தோளுக்குப் பின்னால், முடிக்குள் மறைந்து சின்னதாக இன்னொன்று.

"பாத்தியா இவன? பத்து முனை!" என்றார். "நின்னான் பாரு, ராஜா கணக்கா. கழுத்துல ஒண்ணு, அப்படியே மடங்கிட்டான்."

"அது நான் சுட்டது மாமா," என்றாள் ஐலி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "உன்னோடது கால்ல லேசா உரசியிருக்கும் குட்டி. நல்லா நடந்துதான் வந்தான். உரசுனா தப்புனதுதான்."

நுரையீரல்ல குண்டு பாஞ்ச மான் எப்படி அண்ணா நல்லா நடக்கும்? அந்தக் கேள்வி என் வாய்க்குள் முழுசாக இருந்தது. அவர் இழுத்துப் போட்ட குவியலில் நுரையீரல் கிழிந்து கிடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சாகடிக்கும்படி சுட்டவருக்குத்தான் மான். இதுவும் முறை. ஆறு வருடம் முன்பு இதே முறையைச் சொல்லிப் பக்கத்து நிலத்துக்காரரோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு ஒரு மானை வாங்கி வந்தவர் என் அண்ணன்.

நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பிறகு குடிலும் நாற்பது ஏக்கர் காடும் அண்ணன் பெயரில் இருக்கின்றன. நான் அங்கே வருவது அவர் கூப்பிடுவதால். ஆனால் அதுகூடக் காரணமில்லை. எனக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும். எங்கள் சோதனைச்சாலையில் சில ரசாயனங்கள் அப்படி. தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஒன்றுமே ஆகாது, பிறகுதான் நிறம் மாறும். மானின் பின்னங்காலைப் பிடித்து இழுக்க அண்ணனுக்கு உதவினேன். அதையும் செய்தேன்.

குடிலில் துண்டை ஆணியடித்த பிறகு ஐலி சாப்பிடவில்லை. வெட்டுப்பட்ட சட்டையைக் கால்சட்டைக்குள் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள். செருகுவதற்கு அங்கே துணி இல்லை.

மூன்று மணிக்கு அண்ணன் மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். முதல் நாள் மாலை, தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் இரண்டு தூண்களுக்குக் குறுக்கே கட்டிய நீளமான கம்பத்தில் எல்லாரும் தங்கள் மான்களைத் தொங்கவிடுவார்கள். ஊரே வந்து பார்க்கும். பெரிய கொம்புக்கு ஒரு புதுத் துப்பாக்கி பரிசு. நாங்கள் என் காரில் பின்னால் போனோம்.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அம்மா, நீயும் பாத்தல்ல? நுரைய?"

"பாத்தேன்."

"அப்ப நான் தப்பா பாக்கல."

"இல்லடா."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

பதில் சொல்ல அவள் எனக்கு நிறைய நேரம் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் சரியாத்தான் சுட்டேன்னு எனக்கே இப்ப நிச்சயமா தெரியல," என்றாள்.

அப்போதுதான் எனக்குள் நிறம் மாறியது. மான் போகட்டும். கொம்பு போகட்டும். தன் கண்ணால் பார்த்ததை ஒரு குழந்தை சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறது. அதற்கு ஒரு ஆள் கத்தரிக்கோல் பிடித்திருக்கிறார். இன்னொரு ஆள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன்.

"அந்தக் காலி உறை இருக்கா உங்கிட்ட?"

அவள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். "இருக்கு."

கம்பத்தில் பதினேழு மான்கள் தொங்கின. அண்ணனுடையதுதான் பெரியது. அதன் கீழே கரும்பலகைத் துண்டில் அவர் பெயர் இருந்தது. கையில் பீர், தோளில் யார் யாரோ தட்டிவிட்டுப் போனார்கள். கம்பத்தின் பொறுப்பாளர் லெஸ்டர் அளவு நாடாவோடு ஏணியில் நின்றிருந்தார். பொதுக்கூட்டத்தில் தண்ணீர் அறிக்கை வாசிக்கவே என் மேலதிகாரியை அனுப்புகிறவள் நான். ஏணிக்குக் கீழே போய் நின்றேன்.

"லெஸ்டர், இந்த மான்ல இன்னொரு தோட்டா இருக்கு."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மார்சி," என்றார் அண்ணன், சிரித்தபடி. "என்னம்மா இது? வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல சட்டைய வெட்டிட்டீங்க. இங்க பேசலாம்."

"ரெண்டு தடவ சுட்டேன். விலால ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. போதுமா?"

"ஒரே ஒரு வெடிதான் கேட்டுச்சு."

கூட்டத்திலிருந்து ரேமண்ட் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் உன் பக்கத்துலேர்ந்து ஒண்ணுதான் கேட்டுச்சு டுவெய்ன்." சொல்லிவிட்டுத் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"சின்னப் புள்ளைக்கு அடுத்த வருஷம் இருக்கு," என்றார் அண்ணன். இப்போது சிரிப்பு இல்லை. "நான் போடலன்னா சதுப்புல போய் அழுகியிருக்கும். யாருக்குமே இல்லாம. அதுதான் வேணுமா உனக்கு?"

நான் மானின் வலப்பக்கம் போனேன். அந்தப் பக்கம் ஓட்டை இல்லை. சின்னத் தோட்டா சில நேரம் முழுதாகக் கடந்து போகாது. மறுபக்கத் தோல் இழுபட்டுக் கொடுத்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கையுறையைக் கழற்றி விலாவின் மேல் தடவினேன். முடி உறைந்து விறைத்திருந்தது. அக்குளுக்கு ஒரு சாண் பின்னால், தோலுக்கு அடியில், பட்டாணி மாதிரி ஒன்று நகர்ந்தது.

ஐலியின் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். அவள் கண்கள் என் பக்கம் திரும்பின. என் கத்தியை அவளிடம் கொடுத்தேன்.

"அது என் மான்," என்றார் அண்ணன். "என் சீட்டு கட்டியிருக்கு. எவளும் கத்தி வைக்கக் கூடாது."

லெஸ்டர் ஏணியிலிருந்து இறங்கினார். "ஒரு அங்குலம்தானே டுவெய்ன்," என்றார். "உன்னோடதுன்னா உன்னோடதாத்தான் இருக்கும்."

ஐலி ஒரு அங்குலம்தான் கீறினாள். விரலால் அமுக்கினாள். முன்பக்கம் பூ மாதிரி மலர்ந்து, அடிப்பக்கம் மட்டும் அப்படியே இருந்த ஒரு சின்னச் செம்புத் துண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. டுவெய்ன் அண்ணனின் தோட்டா பென்சிலைவிடத் தடிமன். அவள் துப்பாக்கியுடையது அதைவிட மெலிது, ஆறு மில்லிமீட்டர்தான்; அதன் உறைக்குள் அண்ணனுடையது நுழையாது. இதையெல்லாம் விளக்கிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சட்டைப் பையிலிருந்து பித்தளை உறையை எடுத்திருந்தாள்.

பதினேழு மான்களும் காற்றில் மெல்லத் திரும்பின. சட்டை வெட்டுப்பட்ட இடத்தில் அவள் முதுகு ஒரு கீற்றாகத் தெரிந்தது, குளிரில் சிவந்திருந்தது. உறையின் வாயை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, விறைத்த விரல்களால் துண்டின் அடிப்பக்கத்தை அதில் வைத்தாள். முதல் தடவை நழுவியது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினாள். இரண்டாவது தடவை அது சின்னச் சத்தத்தோடு உள்ளே இறங்கி நின்றது.

அவள் அதை லெஸ்டரிடம் காட்டவில்லை, என்னிடமும் காட்டவில்லை. தலைக்கு மேல் தூக்கி, மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.