தலையைத் திருப்புங்க

நான் பல் கிளினிக்கில் பற்காரை எடுப்பவள். பல்லில் கல்லாக ஒட்டிக் கிடப்பதை மெல்லிய கொக்கியால் சுரண்டி எடுக்கும் வேலை. ஏழு வருடமாகக் கழுத்தை ஒடித்துக்கொண்டு செய்கிறேன். எல்லாம் எங்கள் டாக்டர் போட்ட சட்டத்தால் வந்த வினை. "வர்றவங்க நம்ம வாடிக்கையாளருங்க. தலையைத் திருப்புங்க, தாடையைத் தூக்குங்கன்னு அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

அவர்கள் மகாராஜா மாதிரி சாய்ந்திருப்பார்கள். கடைவாய்ப் பல் தெரிய நான்தான் இடுப்பை முறுக்கி, காது தோளில் இடிக்க எட்டிப் பார்க்க வேண்டும்.

போன வாரம் மகளுக்குப் பின்னல் போடும்போது சீப்பு நழுவி விழுந்தது. என் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. மீதிப் பின்னலைப் போட்டு அனுப்பியது அவள் அப்பா. எலும்பு டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "கழுத்து நரம்பு அழுந்துது. இப்படியே வளைஞ்சுக்கிட்டிருந்தா கொஞ்ச நாள்ல கொக்கியையே பிடிக்க முடியாதும்மா" என்றார்.

எனக்குத் தெரிந்த பிழைப்பு இது ஒன்றுதான். எங்கள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"வயசாகுதுல்ல? வீட்டுல யோகா பண்ணு" என்றார்.

எனக்கு முப்பத்து நான்கு வயது! பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் வந்தவர் எங்கள் கிளினிக் இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர். வருடாவருடம் என்னிடம்தான் வருவார். டாக்டரே கதவைத் திறந்துவிட்டு, பல்லை இளித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் கொக்கியோடு குனிந்தேன். கழுத்தில் சுரீர் என்றது. போதும்டா சாமி!

"சார், தலையை என் பக்கம் திருப்புங்க. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

டாக்டர் கண்ணாலேயே என்னை எரித்தார். கட்டடக்காரரோ திருப்பினார். அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே முழு வாயையும் முடித்தேன்.

அவர் வாய் கொப்பளித்ததும், "கஷ்டமா இருந்துச்சா சார்?" என்று கேட்டேன்.

"இதுல என்னம்மா கஷ்டம்? முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே திருப்பியிருப்பேன். நீ வளையறதைப் பாத்து, உன் வேலையே அப்படித்தான் போலன்னு நினைச்சேன்."

ஏழு வருடம்!

அவர் போனதும் டாக்டர் சிரித்தார். "பரவாயில்லையே, மனுஷன் கோவிச்சுக்கல. சரி, இனிமே வேணும்னா சொல்லிக்கோ."

"வேணும்னாவா?" கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "கிள்ளுங்க டாக்டர். எனக்கு வலிக்குதான்னு பாருங்க. உங்க மரியாதைக்கு நான் குடுத்த விரல் இது. கிள்ளுங்க!"

அவர் கிள்ளவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். "உட்காருங்க. தலையை இந்தப் பக்கம் திருப்புங்க" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.