தனியே இறங்கியவள்

சனிக்கிழமை காலை. பெண்கள் பள்ளிக்கூட வாசலில் சாரணியர் படை வரிசையில் நின்றது. கனகாம்பாள் டீச்சர் ஒவ்வொரு முதுகுப்பையாகத் திறந்து பார்த்தாள். கயிறு, தீப்பெட்டி, தண்ணீர்ச் செம்பு, காயம் பட்டால் கட்டத் துணி. சுமையோடு மலை உச்சிவரை ஏறி இறங்கினால்தான் பேட்ஜ். எல்லோருக்குமான புளிச்சோறு உண்ணாமலையின் பையில் இருந்தது. அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி, விடுதியில் தங்கிப் படிப்பவள். படையில் அவள்தான் திடமானவள்.

படையை நடத்தும் வேலையைக் கனகாம்பாள் கேட்டு வாங்கவில்லை. வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் தலைமையாசிரியை அவள் தலையில் கட்டினார். அவளுடைய அப்பா அண்ணாமலையார் கோவில் குருக்கள். அவருக்குக் கோவிலில் முறை வரும் மாதங்களில் விடிவதற்குள் எழுந்து குளித்து, மடியாகச் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓட வேண்டும். சனிக்கிழமையாவது தூங்கலாம் என்றிருந்தாள். அதுவும் போயிற்று.

அடிவார மண்டபத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். மலையே சாமி. அதன்மேல் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. வெறுங்காலோடு ஏறினார்கள். விருபாக்ஷ குகையைக் கடந்தார்கள். கந்தாசிரமத்தைக் கடந்தார்கள். அதற்குமேல் பாதை செங்குத்தாகிப் பேச்சுக் குறைந்தது.

பாதி மலையில் உண்ணாமலை பின்தங்கினாள். டீச்சர் அருகே வரும்வரை நின்றாள்.

"டீச்சர், நான் விலக்கு ஆயிட்டேன்."

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் முன்னால் போன பெண்கள் கேட்டுவிட்டுச் சற்று விலகி நின்றார்கள்.

கனகாம்பாள் வீட்டில் மாதவிலக்கானவள் நிழல்கூடப் பூஜை அறைப் பக்கம் விழாது. இங்கே நிற்பது சாமியின் மேலேயே. கூடவே இறங்கிப் போகலாம். அப்படிப் போனால் எல்லோரும் இறங்க வேண்டும், இன்னொரு சனிக்கிழமை இதே மலையை ஏற வேண்டும். அவளுக்குக் கால் வலித்தது. அலுப்பில் பழைய வழக்கம்தான் முதலில் கைக்கு வந்தது.

நேராக இறங்கி அடிவார மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்படி சொன்னாள். துணைக்குப் போவதாக உண்ணாமலையின் சிநேகிதி காசியம்மாள் முன்வந்தாள்.

"நீ போனா நீயும் தீட்டு. அப்புறம் ரெண்டு பேருக்கும் பேட்ஜ் கெடையாது. அவ பெரிய பொண்ணு, போயிடுவா," என்று டீச்சர் தடுத்தாள்.

உண்ணாமலை தலையாட்டினாள். பையைத் தொட வேறு யாரும் முன்வரவில்லை. புளிச்சோறு அவளோடு இறங்கியது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. தீபக்கொப்பரை வைக்கும் பாறை பழைய நெய்யில் கறுத்துக் கிடந்தது. கீழே கோபுரங்கள் கைக்கு அடக்கமாகத் தெரிந்தன. பெண்கள் அதையெல்லாம் அதிக நேரம் பார்க்கவில்லை. பசி. ஆளுக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை கிடைத்தது.

"நம்ம சோத்துக்கும் சேத்து தீட்டு பட்டுச்சாடி?" என்றாள் ஒருத்தி.

"உண்ணாமலைக்குத்தான் இன்னிக்குக் கல்யாணச் சாப்பாடு," என்றாள் இன்னொருத்தி.

கனகாம்பாள் அதட்டவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

அடிவாரத்துக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. மண்டபத்துக்கு வெளியே யாரும் இல்லை. விடுதிக்குப் போயிருப்பாள் என்று கனகாம்பாள் நினைத்தாள். அப்போது காசியம்மாள் கூப்பிட்டுக் காட்டினாள். உண்ணாமலையின் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காசியம்மாளோடு மறுபடி ஏறினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார்கள். கந்தாசிரமத்தில் இருந்த சாமியாரைக் கேட்டார்கள். காலையில் படையாக மேலே போனதைத்தான் பார்த்தாராம். தனியாக எந்தப் பெண்ணும் இறங்கி வரவில்லை.

இதைத் தவிர வேறு பாதை எது என்று கனகாம்பாள் தடுமாறினாள். காசியம்மாளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"இந்தப் பக்கம் எப்படி வருவா டீச்சர்? இது சாமி இருக்கற எடமாச்சே. சுத்திப் போயிருப்பா."

ஆசிரமத்துக்கு மேலே கொஞ்சம் ஏறி, பாதையை விட்டு விலகினார்கள். பாதையே இல்லாத பக்கம் அது. பாறையும் காய்ந்த புல்லும்தான். இருவரும் உட்கார்ந்தும் தவழ்ந்தும் இறங்கினார்கள். முதலில் பை கிடைத்தது. சோற்று மூட்டை அவிழாமல் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பாறைகளின் இடுக்கில் உண்ணாமலை கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் கோணலாக மடங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது.

கனகாம்பாள் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க டீச்சர். நீங்க அய்யரு வூடு. போய்க் குளிக்கணும்."

நீட்டிய கை ஒரு கணம் நின்றது. ஒரு கணம்தான். அதை அந்தப் பெண் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்கு அது பழகிப்போன ஒன்று.

கனகாம்பாள் இடுக்கில் இறங்கி அவள் தலையை மடியில் எடுத்து வைத்தாள். தன் செம்பை அவள் உதட்டில் வைத்துத் தண்ணீர் புகட்டினாள். கம்பு வைத்துக் காலைக் கட்டினாள். பேட்ஜுக்காக அவளே சொல்லிக் கொடுத்த கட்டு. பிறகு முதுகில் தூக்கிக்கொண்டாள். காசியம்மாள் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தாள். பக்கவாட்டில் நகர்ந்து பாதைக்கு வந்தார்கள். கந்தாசிரம வாசல் வழியாகவே இறங்கினார்கள். உண்ணாமலை மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். தகவல் போய் அவள் அப்பா ஆதிமூலம் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கட்டில் கிட்டே வரவில்லை. வாசற்படி ஓரமாகவே நின்றார்.

இனிமேல் மலையேற்றமே கிடையாது என்று தலைமையாசிரியை அறிவித்துவிட்டார். பெண்ணின் கால் வழுக்கிவிட்டது, அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கனகாம்பாளை எச்சரித்தும் அனுப்பியிருந்தார். அப்படிச் சொன்னால் யாருக்கும் பழியில்லை. வேலைக்கும் ஆபத்தில்லை.

"பொட்டப் புள்ளைய மலைக்கு இட்டுனு போனதே தப்பும்மா," என்றார் ஆதிமூலம். அவர் கோபமாகப் பேசவில்லை. "ஒங்களச் சொல்லி என்னா பண்றது. படிச்ச வரைக்கும் போதும். ஊருக்கே இட்டுனு பூடறேன்."

உண்ணாமலை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

கனகாம்பாள் முந்தின இரவு தூங்கவில்லை. பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கூடப் போக ஒரு பெண் தயாராக இருந்ததையும், தான் தடுத்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

ஆதிமூலம் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "எங்க வூட்லயும் அப்படித்தாம்மா. அந்த மூணு நாளு மழைன்னாலும் புள்ள கொல்லையிலதான் படுத்துக்கும். நீங்க செஞ்சதுல என்னா தப்பு?" என்றார்.

"நீங்க கொல்லையில வெக்கறீங்க, நான் மலையில விட்டேன். ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றாள் கனகாம்பாள். "மலை அவளத் தள்ளலை. சாமியும் தள்ளலை. நாமதான் தள்ளினோம். பொண்ணா பொறந்தா மாசாமாசம் வரப்போறதுதான் அது. அதுக்காக அவளத் தனியா விடறோமே, அதைவிட அசிங்கம் வேற இல்லைங்க. இதுக்காக அவ படிப்பையும் நிறுத்தினா, மறுபடியும் தள்ளி விடறோம்."

ஆதிமூலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படியைத் தாண்டி உள்ளே வந்தார். கட்டில் விளிம்பில் எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போல் நின்று, பிறகு மகளின் கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தி இடம் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

அவள் சுவர்ப் பக்கமிருந்து அவர் பக்கம் திரும்பினாள். அவர் டீச்சரைப் பார்த்தார்.

"பரீட்சை எந்த மாசம்மா? அதுக்குள்ள நடந்துடுமா புள்ள?"