இரண்டு காவலாளிகளும் ஒரு டைப்பிஸ்ட்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜோக்காகத்தான் கிடைத்தது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். அங்கே ஒரு மெஷினில் இரண்டு ஆன்டிவைரஸ் ஓடுகிறதாம். பழையதை எடுக்காமலே புதியதைப் போட்டுவிட்டார்கள். ஒன்று ஏதாவது ஒரு படத்தைத் திறந்து சோதித்தால், இவன் எதற்கு இதைத் தொடுகிறான் என்று மற்றது சோதிக்கும். அது தொடுவதைப் பார்த்து முதலாவது மறுபடி ஆரம்பிக்கும். மெமரி முழுவதையும் இரண்டுமே தின்றுவிடும்.

"ரெண்டு வாட்ச்மேன், ஒருத்தன் பாக்கெட்டை ஒருத்தன் தடவிக்கிட்டே நிக்கிற மாதிரி சார்."

நானும் சிரித்தேன். பிறகுதான் கேட்டேன்.

"அந்த மெஷின்ல யார் உக்கார்றாங்க?"

"ஒரு டைப்பிஸ்ட்டம்மா. பாவம், ரொம்ப ஸ்லோ."

அடுத்த நிலையத்தில் அவர் இறங்கிப் போனார். ஜோக்கில் இடமில்லாத அந்த அம்மா என்னோடு வந்தாள்.

2

முதல் தொடக்கம்: அவளுடைய விரல்கள் வீணையை மீட்டுவதுபோல் விசைப்பலகையில்—

(வேண்டாம். தட்டச்சு செய்கிறவளை யாரும் இப்படிப் பார்ப்பதில்லை.)

இரண்டாவது: பாதுகாப்பு என்ற பெயரில் இன்றைய நிறுவனங்கள்—

(இது தலையங்கம்.)

மூன்றாவது: டாக்டர் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு, ஸ்கேன் படத்தைத் திறந்து பெயரைச் சரிபார்த்து, ரிப்போர்ட் அடிப்பது அவள் வேலை. அடிப்பதற்கு ஆகும் நேரத்தைவிடப் படம் திறப்பதற்கு ஆகும் நேரம் அதிகம். திரையில் வட்டம் சுற்றும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெஞ்சில் நோயாளியின் மகனோ மனைவியோ அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்ற டைப்பிஸ்ட்டுகளுக்குப் புது மெஷின் வந்தபோது, 'உங்களுக்குப் பழசுதானே பழக்கம்' என்று இதை அவளிடமே விட்டார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ் அக்கா.

இது ஓடும்.

3

மேனேஜர் அவளைக் கூப்பிடுகிறார். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வேலையில் பின்தங்கியவர்களுக்குப் புதுப்பிப்பு கிடையாது.

"மெஷின் படுத்துக்குது சார்."

"டைப் அடிக்கிறது மெஷினா, நீங்களா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

(அவள் வீட்டில் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குப் போக முடியாத கணவன் இருக்கிறான். இதைச் சேர்க்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். கண்ணீருக்காகச் சேர்ப்பதாக நீங்கள் நினைக்கலாம். அவள் வேலையை விட்டுவிட முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.)

4

ரயிலில் வந்தவரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசை வைத்தேன், எடுத்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

"பழைய ஆன்டிவைரஸை எடுத்துடு தம்பி. உனக்குத் தெரியுதுல்ல?" என்று அவனிடம் கேட்கிறாள்.

"தெரியும்க்கா. எடுத்த பிறகு வைரஸ் வந்தா, ஏன்டா எடுத்தேன்னு என்னைக் கேப்பாங்க. எடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடுங்கன்னு மேனேஜரைக் கேட்டேன். தலைமை ஆபீஸைக் கேளுன்னார். அவங்க, அது உங்க மேனேஜர் முடிவுங்கிறாங்க."

"அப்போ நான்?"



"வைரஸ் வந்தா என் தலை போகும். மெஷின் ஸ்லோவா இருந்தா உங்க தலை. நான் எதைக்கா பாக்கறது?"

அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "பாஸ்வேர்டு சொல்றேன். நீங்களே எடுத்துடுங்க. எனக்குத் தெரியாது."

"நல்லா இருக்கே. மாட்டினா நானு, மாட்டலைன்னா நீ கெட்டிக்காரன்."

பாதுகாப்பு மென்பொருளில் கைவைப்பவர் அன்றே நீக்கப்படுவார் என்று அவள் தலைக்கு மேலே அறிவிப்பு ஒட்டியிருக்கிறது.

பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

5

முடிவு ஒன்று: பழையதை நீக்குகிறாள். மெஷின் பறக்கிறது. நீக்கியது யார் என்று புதிய ஆன்டிவைரஸ் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புகிறது. அந்த ஒரு வேலையை மட்டும் அது உடனே செய்கிறது.

முடிவு இரண்டு: தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மாதக் கடைசி வருகிறது. அவளை அனுப்பிய பிறகு அந்த இடத்தில் புது மெஷின் வைக்கிறார்கள்.

முடிவு மூன்று: மேனேஜர் மனம் மாறி, பேனாவை எடுத்து—

(மன்னியுங்கள். என்னாலேயே நம்ப முடியவில்லை.)

6

மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். நம்பக்கூடிய எதை எழுதினாலும் அவளை வெளியே அனுப்பியவன் நானாகிவிடுவேன். எனக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி திரையில் திறந்திருக்கிறது. அதன் பின்னால் ஒரு படம் திறந்துகொண்டே இருக்கிறது. அது உங்கள் அம்மாவின் ஸ்கேன். ரிப்போர்ட்டுக்காக மாடியில் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் காத்திருக்கிறார். பெஞ்சில் இருப்பது நீங்கள்.

அவள் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள். என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள். சீக்கிரம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.