நாற்பதாம் நாள் முடிந்துவிட்ட மகன்

வுபித் முற்றத்தில் கோதுமை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் கடலில் செத்துப்போன அவள் மகன் அடானெ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"அம்மா."

பாதி உடம்பாகியிருந்தான். முன்பல் ஒன்று இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓரமா வாடா, மாவை மிதிச்சிடாதே" என்றாள்.

சவூதிக்குப் பிழைக்கப் போனவன். ஏமன் கரையருகே படகு கவிழ்ந்தது, அடானெ போய்விட்டான் என்று கூடப் போனவன் போன் பண்ணிச் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. அவர்கள் ஊரான தெஸ்ஸே முழுக்க அழுதது, வுபித் அழவில்லை. நாற்பதாம் நாள் தேவாலயத்துச் சாமியார்களைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, எல்லாம் முறைப்படி செய்தாள். அழுகை அடைத்து நிற்கிறது, ஒருநாள் உடையும் என்றார்கள். உடையவேயில்லை. மீனவர்கள் தூக்கிக் கரைசேர்த்த பிள்ளை ஏமனில் காவலில் கிடந்தது யாருக்குத் தெரியும்?

பக்கத்து வீட்டு அஸ்காலு குலவையிட்டுத் தெருவையே கூட்டிவிட்டாள். "அடியே, சிரியேண்டி! செத்த புள்ள உசிரோட நிக்கறான்!"

"சிரிக்கத்தான் பாக்கறேன் அக்கா. வரமாட்டேங்குது."

"சரி, கையாவது வேலை செய்யட்டும். பெரிய ரொட்டி போடு, நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

ஜாடியில் பழைய புளித்தமாவு இருந்தது. அதை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, உப்பும் கருஞ்சீரகமும் போட்டு, மாவைக் கொட்டிப் பிசைந்தாள். முழங்கை வரை வலித்தது. அந்த வலி மட்டும் சரியாகத் தெரிந்தது.

அடானெ உள்ளே எதையோ தேடிவிட்டு வந்தான். "என் சட்டையெல்லாம் எங்கேம்மா?"

"கோயில் வாசல்ல கொடுத்துட்டேன்."

"நீலச் சட்டையுமா?"

"அதையும்தான். உன் ஆத்மாவுக்காகத்தாண்டா கொடுத்தேன்."

அவன் சிரித்துவிட்டான். "சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"நூறு பேர் இருக்கும்."

"நல்லா அழுதாங்களா?"

"எல்லாரும் அழுதாங்க. நான் அழல."

அவன் சிரிப்பு நின்றது. மாவு ஒட்டிய அவள் கைகளைப் பார்த்தான். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் மொண்டுவந்து அவளருகே வைத்தான்.

குளிரில் மாவு மெதுவாகத்தான் எழும்பியது. மறுநாள் காலை அகன்ற சட்டியில் வாழை இலை போன்ற கோபா இலைகளைப் பரப்பி, மாவை வைத்து, மேலேயும் இலை போட்டு மூடினாள். அடியில் நெருப்பு, மூடிமேல் தணல். இலை கருகும் வாசனை தெருமுனை வரை போனது.

ஆட்கள் நிறைந்ததும் அஸ்காலு கத்தியை அடானெயிடம் நீட்டினாள். "வீட்டு ஆம்பளை நீதான், வெட்டுப்பா." அவன் ரொட்டிமேல் சிலுவை கீறி வெட்டினான். முதல் துண்டை அம்மாவுக்குக் கொடுத்தான். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் மென்று விழுங்கினாள்.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் ஒரு துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

"சாமி, செத்தவங்களுக்காக வேண்டிக்கறப்ப என் மகன் பேரையும் சொல்றீங்கல்ல? இனி சொல்லாதீங்க."

மகன் வந்ததைக் கேள்விப்பட்டிருந்த சாமியார் வாயெல்லாம் பல்லாக நின்றார். "சந்தோஷந்தானே மகளே? ஞானஸ்நானப் பேரைச் சொல்லித்தானே வேண்டிக்கறோம், அவனோடது என்ன, சொல்லு, எடுத்துடறேன்."

"வல்தெ மிக்கேல்" என்றாள். ரொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் அடானெ தூங்கிக்கொண்டிருந்தான். போர்வைக்கு வெளியே கால் நீட்டியிருந்தது. மூட வந்தவள், குதிகாலில் கை பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கால் சூடாக இருந்தது. அழுகை வரவில்லை. கையையும் அவள் எடுக்கவில்லை.