வளையல் கையாத்தா

கிரண் காட்டிய போட்டோவைப் பார்த்ததும் முத்தம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு அவன் செல்போனை வாங்கிக்கொண்டு சுவரோரம் போய், அங்கே தொங்கிய பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள்.

"கை மாறியிருக்கு, மாப்ள."

காபி டம்ளரோடு வந்த மகள் மமதாவும் எட்டிப் பார்த்தாள். சுவரில் இருந்தது அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமான புதிதில் எடுத்த படம். ஏரிக்கரைப் புங்கமரத்தடியில் அம்மா நிற்கிறாள், பக்கத்தில் அந்தக் கல். கல்லில் முகமோ உடம்போ கிடையாது. ஒரு தூண், தூணிலிருந்து கிளம்பி முழங்கையில் மடங்கி மேலே நிமிர்ந்த ஒரு கை, மணிக்கட்டு நிறைய வளையல், விரித்த உள்ளங்கை. அவ்வளவுதான். அம்மாவும் புது வளையல் போட்ட கையை அதேபோலத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். படத்தில் கல்லின் கை வலது கை. கிரண் அன்று மத்தியானம் எடுத்த செல்ஃபியில் அவன் தோளுக்குப் பின்னால் தெரிந்தது இடது கை.

அவர்கள் வீட்டுப் பெண் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் முதல் வளையலைப் போட்டுக்கொண்டு போய் வளையல் கையாத்தாவுக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பத்திரிகை அடிப்பது, பட்டு எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏரியை ஒட்டி அபார்ட்மெண்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கல்லை லாரியில் ஏற்றிக் கப்பன் பார்க் ஓரத்து மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். ஈஜிபுராவில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த பிறகு யாரும் அதைத் தேடிப் போனதில்லை. மமதாவுக்கு நிச்சயமானதும் முத்தம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், ஆத்தாவைப் பார்க்காமல் பத்திரிகை அச்சுக்குப் போகாது என்று. கல்லைத் தேடிக் கண்டுபிடித்து வந்தது கிரண்தான்.

"செல்ஃபில இடம் வலம் மாறித்தான் விழும் அத்தை. கண்ணாடி மாதிரி," என்று சிரித்தான் கிரண்.

"அப்படியா? நான் ஒரு நிமிசம் பயந்துட்டேன்."

வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த கோமளம் சித்தி தலையைத் தூக்காமலே சொன்னாள். "எத்தனை வருசம் ஒரே கையத் தூக்கிட்டு நிப்பா? வலிச்சிருக்கும். மாத்திக்கிட்டா."

அப்பா அசோகன் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் ஆட்டோ ஓட்டுவதில்லை. "மியூசியத்துக்கு எல்லாரும் வேடிக்கை பாக்கப் போவாங்க. நம்ம வீட்ல மட்டும் குலதெய்வம் கும்பிடப் போறாங்க."

"நீங்க சும்மா இருங்க, மூச்சு வாங்கப் போவுது," என்றாள் முத்தம்மா. கிரண் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம காலையில போயிரலாம். பூ வெக்க விடுவாங்களா?"

"தொடவே கூடாதாம். கற்பூரம்னு ஆரம்பிச்சேன், வாட்ச்மேன் என்னை மேலயும் கீழயும் பாத்தார்."

"அப்ப ஒண்ணும் எடுத்துட்டுப் போக வேணாம். இவ வளையல் போட்டுக்கிட்டே வரட்டும். முன்னால நின்னு கையத் தூக்குனாப் போதும். அதுக்கு யாரு என்ன சொல்லப் போறான்?"

கிரண் போட்டோவைப் பெரிதாக்கி, கல்லுக்குக் கீழே இருந்த பலகையைப் படித்தான். கன்னடத்தில் எழுதியிருந்தது. "மாஸ்திக்கல்லுன்னு போட்டிருக்கு. புருசன் செத்ததும் கூடவே தீயில எறங்கின பொம்பளைக்கு வெச்ச கல்லாம்."

சித்தியின் கை கீரைக்கட்டில் அப்படியே நின்றது. முத்தம்மா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பத்தினித் தெய்வம். அதான் எங்க வீட்ல இதுவரைக்கும் தாலி அறுத்தவளே கெடையாது." சொன்ன பிறகுதான் தங்கையின் ஞாபகம் வந்ததுபோல டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கோமளத்தின் புருஷன் கல்யாணமான வருஷமே பைக் விபத்தில் போய்விட்டார். மழை என்று சாக்குச் சொல்லி ஆத்தாவுக்கு வளையல் காட்டாமல் திரும்பினாளே, அதனால்தான் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுவார்கள்.

கிரண் போன பிறகு மமதா அந்தப் போட்டோவைத் தன் போனில் திறந்து வெகுநேரம் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கத்தான் திறந்தாள். மூன்று வருஷமாகப் பார்க்கும் முகம், இன்னும் அலுக்கவில்லை. சட்டையின் இடது பக்கம் பை, அதில் அவள் கொடுத்த பேனா. சட்டென்று அவள் விரல் நின்றது. பை இடது பக்கத்திலேயே இருந்தது. கீழே பலகையில் எழுத்துகள் நேராக இருந்தன. கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தால் கிரண் அதை அத்தனை சுலபமாகப் படித்திருக்க முடியாது. அப்படியென்றால் படத்தில் எதுவும் இடம் மாறவில்லை. கை மட்டும்தான் மாறியிருந்தது.

வேறு கல்லாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அந்தக் காலத்தில் எத்தனை பேர் தீயில் இறங்கினார்களோ. ஆனால் சுண்டுவிரல் நுனி உடைந்திருந்தது. சுவர்ப்படத்திலும் அதே சுண்டுவிரல், அதே உடைப்பு.

சனிக்கிழமை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சித்தியிடம் போனைக் காட்டினாள். சித்தி அதை வாங்கவில்லை.

"எனக்குப் பாக்க வேணாம். நான் ஒருதரம் பாத்ததே போதும்."

"மழை வந்துச்சுன்னு திரும்பினீங்கதானே?"

"மழையும் இல்ல, கிழையும் இல்ல." சித்தி ஒரு போர்வையின் இரண்டு முனையை மமதாவிடம் கொடுத்து, மற்ற இரண்டைத் தான் பிடித்துக்கொண்டாள். இருவரும் மடிக்கத் தொடங்கினார்கள். "கிட்டக்கப் போனேன். எல்லாரும் அது ஆசீர்வாதம் பண்ற கைன்னாங்க. எனக்கு என்னமோ வா வான்னு கூப்புடுற மாதிரி இருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன். எங்கப்பாவுக்குக் காரியம் முடியறதுக்குள்ள எங்கம்மா போனா. எங்க பெரியத்தையும் அப்படித்தான். ராத்திரி படுத்தவ எந்திரிக்கல. சாவு வீட்டுக்கு வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? குடுத்து வெச்சவங்க, புருசனப் பிரிஞ்சு இருக்கலன்னு."

போர்வை மடிந்து மடிந்து சித்தி மிக அருகில் வந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு போனாரு. நான் இருக்கேன்ல?" என்றாள் மெதுவாக. "எல்லாரும் அவரு ஏன் போனாருன்னு கேட்டாங்க. நான் எப்படி இன்னும் உசுரோட இருக்கேன்னு யாரும் கேக்கல."

மமதா கீழே இறங்கி வந்தபோது அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அம்மா இப்படித்தான். அன்பு என்றே மமதா நினைத்திருந்தாள். அன்பும்தான். ஆனால் அம்மா தன் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த விதம், கியாஸ் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பவளைப்போல இருந்தது.

போகமாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா பத்திரிகை அடிக்கமாட்டாள். கிரணின் அம்மா ஏற்கெனவே தேதி கேட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னொரு தரம் தள்ளினால் இந்த இடமே தட்டிப்போகும். அதைவிட வேறொன்று மமதாவை உறுத்தியது. கிரண் இல்லாத ஒரு வீட்டில் தான் கண்விழிப்பதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு காலை வேண்டவே வேண்டாம் என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. அது தன் குரல்தானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை அம்மா சோப்பு நுரை தடவி ஒவ்வொரு வளையலாக ஏற்றினாள். பச்சைக் கண்ணாடி வளையல். வலது கையில்தான் போடுவாள் என்று மமதா வலதை நீட்டினாள். அம்மா கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் ரெண்டுலயும் போட்டுரலாம்," என்றாள். அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் அவள் வரவில்லை. சித்தி வாசலில் நின்றாள், வழியனுப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

டிரினிட்டி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மெட்ரோ. ஸ்டேஷன் வாசலில் ஆண்கள் வரிசையில் நின்ற கிரண் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மமதா பெண்களைச் சோதிக்கும் திரை மறைப்புக்குள் போய்ச் சின்ன மரப்பலகையில் ஏறினாள்.

"கை மேலெ எத்தி மேடம்," என்றாள் செக்யூரிட்டிப் பெண் கன்னடத்தில்.

மமதா இரண்டு கைகளையும் தூக்கினாள். வளையல்கள் சரசரவென்று முழங்கைக்கு இறங்கின. கண்ணாடிக் கூரை வழியாக வந்த வெயில் அவள் நிழலைப் பக்கத்துப் பச்சைத் துணியில் போட்டது. சோதிக்கும் கருவி இடுப்பருகே ஒருதரம் கத்தி ஓய்ந்தது.

"ஆயித்து. கை இளிஸி."

அவள் கைகளை இறக்கினாள். வளையல்கள் மணிக்கட்டில் வந்து விழுந்தன. செக்யூரிட்டிப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிடத் திரையை விலக்கப் போனவள், மமதாவைப் பார்த்து, பிறகு துணியைப் பார்த்து, அப்படியே நின்றாள்.

"முடிஞ்சுதா மமதா? டிரெயின் வருது," என்று வெளியிலிருந்து கிரண் கூப்பிட்டான்.

துணியில் விழுந்த நிழலில் ஒரு கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. இடதா வலதா என்று சொல்ல முடியவில்லை. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது.