பச்சைக் கெல்லா

கெல்லாச் செடியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இன்ஷிராஹின் நாக்கில் முதலில் கசப்பு ஊறும். அடுத்த கணமே சிரிப்பு வந்துவிடும். ஐம்பது வருஷங்களாகியும் அது மாறவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. கெய்ரோவில் ஒரு மருந்தியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. சிறுநீரகக் கல்லுக்கு ஜனங்கள் காய்ச்சிக் குடிக்கிற கெல்லா விதையில் கெல்லின் என்ற கசப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அவள் அளந்து சொல்ல வேண்டும். இறுகிப்போன தசையைத் தளர்த்துவது அதுதான். அவள் மேசை சன்னலோரம். காலையில் டிராம் மணி, மதியம் தெருக்கடையில் அவரைக்கொட்டை வேகிற மணம், நாள் முழுக்க ஈதர் நெடி. பிற்பாடு எத்தனையோ நல்ல மேசைகள் கிடைத்தன. அந்தச் சன்னல் கிடைக்கவில்லை.

விதை வாங்கச் சந்தைக்குப் போன ஒரு நாள், மூலிகைக் கடைக்காரர் ஒருத்தியை விரட்டிக்கொண்டிருந்தார். உம் ராத்திப், அதாவது ராத்திப்பின் தாய், டெல்டா கிராமத்திலிருந்து ரயிலேறி வந்தவள். காய் முற்றுமுன்பே அறுத்த பச்சைக் கெல்லாக் கட்டு அவள் தலையில் இருந்தது.

"பழுக்காததக் கொண்டாந்து என் தலையில கட்டப் பாக்குறியா?" என்றார் கடைக்காரர்.

"பழுத்துக் காஞ்சா அந்தக் காம்பு பல்லுக் குத்தத்தான் ஆவும். நோவுக்கு இதுதான்" என்றாள் அவள், கட்டை இறக்காமலே.

இன்ஷிராஹ் சிரித்துவிட்டாள். கட்டு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டாள்.

நிழலில் உலர்த்தி, பொடித்து, கரைத்து வடித்து, ஊசி ஊசியாகப் படிந்ததை நிறுத்துப் பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. பழுத்த விதையில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு. துறைத்தலைவர் டாக்டர் ஷௌக்கத் தராசைச் சரிபார்க்கச் சொன்னார். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதே எடை. தராசு சரியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று அவள் நெற்றியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் தாள்களை இழுப்பறையில் தள்ளினார்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கல் பழைய தொந்தரவு. ஊசி போட்டும் வலி முழுக்க அடங்கவில்லை. கெல்லா காய்ச்சச் சொன்னார். கூடத்தில் மிச்சம் இருந்தது பச்சைதான்.

"டாக்டர், இது பச்ச. அரைக் கரண்டி போதும்."

"எங்கப்பா ஒரு கரண்டி போட்டுத்தான் குடிச்சாரு. உன் கணக்குக்காக நான் அரைக் கரண்டி குடிக்கணுமா?"

பிடிவாதமாக ஒரு கரண்டி போட்டுக் குடித்தார். அரை மணி நேரத்தில் முகம் வெளிறிக் கழுவுதொட்டியில் வாந்தியெடுத்தார். தலைசுற்றி நிற்க முடியாமல் பெஞ்சில் படுத்தார். இன்ஷிராஹ் பயந்துபோய் மாலைவரை அவர் நாடியை விடவேயில்லை. வலி மட்டும் எப்போது போனதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மூன்றாம் நாள், அரிசிமணி அளவு கல்லை ஒரு சோதனைக்குழாயில் போட்டுக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"ரெண்டு மடங்குன்னுதானே எழுதின? கொஞ்சம் கூடவே இருக்கும் போலிருக்கே."

கல் தானாகவும் இறங்கியிருக்கலாம், ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றாள் அவள். அவர் வாய்விட்டுச் சிரித்தபடி இழுப்பறையிலிருந்த தாள்களை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை அச்சானபோது கடைசியில் நன்றி என்று உம் ராத்திப்பின் பெயரைச் சேர்த்திருந்தாள் இன்ஷிராஹ். பத்திரிகையோடு ரயிலேறிப் போய், வாய்க்கால் கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தாள்.

"ராத்திப் என் மவன் பேரு. எனக்குன்னு ஒரு பேரு இருக்கு, டாக்டரம்மா. வஜீதா."

இன்ஷிராஹுக்கு முகம் சுட்டது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அச்சடித்த பெயரை அடித்துவிட்டு மேலே எழுதினாள். எந்த எழுத்து எதுவென்று வஜீதா ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய் நெய் ரொட்டியும் பழைய பாலாடைக்கட்டியும் வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பத்திரிகை அவள் மடியில் திறந்தபடியே இருந்தது.